வணிக வலைத்தளமும் மாற்றுத்திறனாளிகளும்

மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லாவில், சயாஜிராவ் சாலையை ஒட்டி அமைந்துள்ள தேவராஜ மார்க்கெட் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஏறத்தாழ 800 கடைகள் கொண்ட அச்சந்தையின் உட்பாதைகள் குறுகலானவை; எப்பொழுதும் நெரிசல் மிக்கவை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது எளிய இடமன்று. எனினும் பார்வையற்ற ஒருவர் அங்குச் சென்றால் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. மல்லிகை எப்பக்கம் விற்கப்படுகிறது என்பதை அதன் மணமே கூறிவிடும். வாழைப்பழத்தின் கனிவை விரல் அறியும். விலையைக் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்வார். ஐயம் எழுந்தால் கேட்கலாம், பேரமும் பேசலாம். பொருளைப் பற்றிய செய்தி கண், காது, மூக்கு, கை ஆகிய பல வழிகளிலும் வாங்குபவரை வந்தடைகிறது.

மைசூர்ப் பட்டு, ஊதுவத்தி, சந்தன எண்ணெய், ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்த பொருள்கள், வெற்றிலை, மல்லிகை எனப் புவிசார் குறியீடு பெற்ற பண்டங்கள் பல மைசூரின் பெயரைத் தாங்கி விற்கப்படுகின்றன. இவற்றை விற்கும் வணிகர்கள் இக்காலத்தில் கடைவாசலோடு நின்றுவிடுவதில்லை. கோவையிலும் சென்னையிலும் கடல் கடந்தும் உள்ள வாடிக்கையாளரைக் கருதி வலைத்தளம் அமைக்கின்றனர். அங்கே படிகள் இல்லை, நெரிசலும் இல்லை. ஆயினும் செய்தி பெரும்பாலும் ஒரே வழியாக, அதாவது கண் வழியாக மட்டுமே, செல்லுமாறு அமைக்கப்படுகிறது. சந்தையில் தடையின்றி மல்லிகை வாங்கிய அதே மனிதர், வலைத்தளத்தின் முன் செயலற்று நிற்க நேர்கிறது. இந்நிலை இயற்கையால் வந்ததன்று. தளத்தை அமைத்தவரின் கவனக்குறைவால் வந்தது. தளம் அமைக்கும் வேலையைச் செம்மையாகச் செய்தாலே இத்தடைகளுள் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பதையும், அதற்குப் பெருஞ்செலவோ அரிய கருவியோ வேண்டுவதில்லை என்பதையும் களப்பணியாளரும் ஆசிரியரும் உணர்தல் இன்றியமையாதது.

எத்துணைப் பேர்?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகள். இது அப்போதைய மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம். செவிக் குறையுடையோரும் ஏறத்தாழ அத்தொகையினரே. இயக்கக் குறையுடையோர் 54 லட்சத்துக்கு மேற்பட்டோர். கர்நாடகத்தில் 13 லட்சத்து 24 ஆயிரம் பேரும், தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் பேரும் அக்கணக்கில் பதிவாயினர். அக்கணக்கெடுப்பு எட்டு வகைக் குறைகளையே கருத்திற் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்றுக்கொள்கிறது. இவர்களோடு, கண்புரையால் பார்வை மங்கிய முதியோரையும், கைநடுக்கமுடையோரையும், கை முறிந்து சில வாரங்கள் கட்டுப்போட்டிருப்போரையும் சேர்த்து எண்ணினால், ஊருக்கு ஒருவர் இருவர் பற்றிய செய்தியன்று இது என்பது விளங்கும்.

தடை எங்கே பிறக்கிறது?

பார்வையற்றவர் கணிப்பொறியையோ கைப்பேசியையோ கையாள்வது திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் ஆகும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்விடிஏ என்னும் திரை வாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் வாசிப்பான் உள்ளது. இவை தமிழிலும் கன்னடத்திலும் ஒலிக்கவல்லன. ஆகவே கருவி இல்லை என்னும் குறை இப்போது பெரும்பாலும் இல்லை.

திரை வாசிப்பான் திரையை மனிதக் கண்ணைப் போல் பார்ப்பதில்லை. பக்கத்தின் அடியில் எழுதப்பட்டுள்ள குறிமொழியைப் படித்து, ‘இது தலைப்பு’, ‘இது இணைப்பு’, ‘இது பொத்தான்’, ‘இது பெயர் எழுதும் கட்டம்’ என அறிந்து ஒலிக்கிறது. குறிமொழியில் இல்லாததை அதனால் கூற இயலாது. ஒரு சேலையின் படத்துக்கு விளக்கச் சொல் தரப்படவில்லையாயின், வாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். அல்லது புகைப்படக் கருவி இட்ட எண்ணை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிக்கும். ‘வாங்குக’ என்னும் சொல் இன்றிக் கூடையின் உருவம் மட்டும் வரைந்த பொத்தானை அது ‘பொத்தான்’ என்றே கூறும். பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று கட்டங்களுக்கும் பெயரிடப்படாதிருந்தால், மூன்றும் ஒரே ஒலியாகவே கேட்கும். எதில் எதை எழுதுவது?

இக்குறை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெப்எயிம் என்னும் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. 2025ஆம் ஆண்டு ஆய்வில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் தடைகள் காணப்பட்டன. எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் போதிய வேறுபாடின்றி இருந்தவை 79.1 விழுக்காடு, படங்களுக்கு விளக்கச் சொல் இல்லாதவை 55.5 விழுக்காடு, கட்டங்களுக்குப் பெயர் இல்லாதவை 48.2 விழுக்காடு. இவை எவையும் அரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் அல்ல. ஒரு சொல்லை எழுதாமல் விட்டமையும், ஒரு நிறத்தைத் தவறாகத் தேர்ந்தமையுமே ஆகும்.

எழுத்தும் எழுத்தின் படமும்

இந்திய மொழிகளில் அமையும் வணிகத் தளங்களுக்கு உரிய தனிக் குறை ஒன்று உண்டு. அதுவே எல்லாவற்றினும் பெரிது. விலைப்பட்டியலையும் பண்டிகைக்காலத் தள்ளுபடி அறிவிப்பையும் வணிகர் அச்சகத்தில் கொடுத்து அழகிய சுவரொட்டியாக அமைத்துக்கொள்கின்றனர். பின்னர் அதையே படமாக வலைத்தளத்தில் ஏற்றிவிடுகின்றனர். கண்ணுக்கு அது எழுத்து. கணிப்பொறிக்கு அது வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம். அதிலுள்ள விலை எதுவும் காதுக்கு எட்டாது. படத்திலுள்ள எழுத்தைக் கண்டறியும் மென்பொருள்கள் இன்று உள்ளன எனினும், அலங்கார எழுத்திலும் அட்டவணை வடிவிலும் அவை பிழைபடுகின்றன. விலையில் ஓர் இலக்கம் பிழைபட்டால் வணிகமே பிழைபடும்.

மற்றொரு வகை இன்னும் மறைவானது. அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன. அவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டெழுதினால், கணிப்பொறியில் சேமிக்கப்படுவது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஐந்து குறிகளே. கண் ‘அம்மா’ என்று படிக்கும்; திரை வாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கன்னட எழுத்துக்கும் தனக்கே உரிய எண் உண்டு. ஆதலின் அம்முறையில் எழுதியது எந்தக் கருவியிலும் அதே எழுத்தாகவே நிற்கும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனினும் கடைகளின் விலைப்பட்டியல்கள் பலவற்றை அம்மாற்றம் இன்னும் எட்டவில்லை.

இதற்கு ஒத்த வரலாறு ஒன்று நினைக்கத்தக்கது. விடுதலைக்கு முன் இந்திய மொழிகளுக்குப் பல்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கிவந்தன. ஒரு முறையில் பயின்றவர் மற்றொரு முறையில் அமைந்த நூலைத் தொட்டுப் படிக்க இயலாதிருந்தது. 1951ஆம் ஆண்டில் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. அம்முறையில் தமிழின் ககரத்துக்கும் கன்னடத்தின் ககரத்துக்கும் புள்ளிகள் ஒன்றே. பொதுக்குறி முதலில், அதன் பின்னரே நூல், அச்சகம், பள்ளி ஆகியவற்றின் பயன். அன்று பிரெய்லுக்குப் பொருந்திய அவ்வுண்மை இன்று ஒருங்குறிக்கும் பொருந்தும். பொதுக்குறியில் எழுதப்படாத சொல் பார்வையற்றோர்க்கு எழுதப்படாத சொல்லேயாகும்.

இன்னொன்றும் சேர்த்துக் கூறல் வேண்டும். பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதைக் குறிமொழியில் தெரிவித்தாலன்றி, வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று தடுமாறக்கூடும். மைசூரு வணிகரின் தளத்தில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்து வருதல் இயல்பு. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மொழியைக் குறித்தல் ஓரிரு நிமிட வேலையே.

பிற குறையுடையோர்

இதுவரை கூறியது பெரிதும் பார்வை பற்றியது. செவிக் குறையுடையோரின் தடை வேறு வகையானது. ‘விலை அறிய அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணை மட்டும் தரும் தளம் அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. எண்ணோடு குறுஞ்செய்தி வழியும் மின்னஞ்சல் வழியும் சேர்த்தால் தடை நீங்கும். பட்டு நெய்யும் முறையைக் காட்டும் ஒளிப்படத்துக்கு எழுத்துரை இடுதல் வேண்டும். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு எழுத்து மொழி இரண்டாம் மொழியாதலின், எளிய குறுவாக்கியங்களில் எழுதுதல் நன்று.

கை இயக்கம் குறைந்தோர் சுட்டெலியைப் பிடிக்க இயலாமல் விசைப்பலகையாலோ, குரலாலோ, ஒற்றைப் பொத்தான் கருவியாலோ கணிப்பொறியை இயக்குகின்றனர். சுட்டெலியை மேலே வைத்தால் மட்டும் விரியும் பட்டியல்கள் அவர்க்கு மூடிய கதவுகள். விரல்நுனிக்கும் சிறிய பொத்தான்கள் கைநடுக்கமுடையோர்க்கு எட்டாதவை. ‘சிவப்பு நிறமுள்ளவை கையிருப்பில் இல்லை, பச்சை நிறமுள்ளவை உண்டு’ என நிறத்தால் மட்டும் செய்தி கூறினால் நிறக்குருடர் அறியார். நிறத்தோடு ‘கையிருப்பு இல்லை’ என்னும் சொல்லையும் எழுதினால் அனைவரும் அறிவர்.

பணம் செலுத்தும் இடம்

தடைகளுள் மிகக் கொடியது பணம் செலுத்தும் இடத்தில் உள்ளது. பொருளைத் தேர்ந்து, முகவரி எழுதி, இறுதிப் படிக்கு வந்தபின், ‘இப்படங்களுள் பேருந்து உள்ளவற்றைத் தொடுக’ என்று ஒரு புதிர் தோன்றுகிறது. அல்லது கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சிறிது நேரத்துக்குள் எழுதுமாறு கோரப்படுகிறது. வாசிப்பான் குறுஞ்செய்தியைப் படித்து, மீண்டும் பக்கத்துக்கு வந்து, கட்டத்தைத் தேடி முடிப்பதற்குள் காலம் கழிந்துவிடுகிறது.

அப்போது அம்மனிதர் செய்வது யாது? அருகிலிருப்பவரிடம் கைப்பேசியை நீட்டுகிறார். வங்கி அட்டை எண், மறைவெண், ஓடிபி ஆகியவற்றை எவரிடமும் கூறாதீர் என்று வங்கிகள் நாள்தோறும் எச்சரிக்கின்றன. ஆனால் தளத்தின் அமைப்போ, கூறினாலன்றி வாங்க இயலாது என்னும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறது. பெறுபவர் நல்லவராயின் தப்பினார். அல்லராயின் பணம் போயிற்று. நல்லவரேயாயினும், தாம் வாங்கும் மருந்தும் உள்ளாடையும் பரிசுப் பொருளும் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் வாங்கும் உரிமை பறிபோயிற்று. ஆகவே இங்கே விற்பனையொன்று குறைவதோடு இழப்பு முடிவதில்லை. ஒரு மனிதர் தம் பணத்தையும் தம் வாழ்க்கையின் மறைவுகளையும் தாமே காத்துக்கொள்ள இயலுமா என்பதே இங்குள்ள வினா.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. அதன் வழியே தோன்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 42ஆம் பிரிவு மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அனைவருக்கும் எட்டும் வடிவில் அமைய வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் அரசினராயினும் தனியாராயினும், அணுகல் விதிகளுக்கு ஏற்பச் சேவையை அமைத்தல் வேண்டும் என விதிக்கிறது. 89ஆம் பிரிவின்படி முதன்முறை மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், பின்னைய மீறல்களுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802 என்னும் தரத்தின் முதற்பகுதியை 2021ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதியை 2022ஆம் ஆண்டிலும் வெளியிட்டது.

உச்ச நீதிமன்றமும் இத்துறையில் உறுதியாகப் பேசியுள்ளது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், அணுகல் பற்றிய விதி அறிவுரைபோல் அமைந்து கட்டாயத்தன்மையின்றி இருப்பது சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாயமான விதிகளை மூன்று மாதங்களுள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. கண்ணை இமைத்துக் காட்டுமாறு கோரும் மின்வழி அடையாளச் சோதனையில் அமிலத் தாக்குதலால் கண்ணும் முகமும் சிதைந்தோரும் பார்வையற்றோரும் தேற இயலாமையே அவ்வழக்கின் பொருள். மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புக் கூறும் வாழ்வுரிமையின் கூறே என நீதிமன்றம் கூறி, 20 நெறிகளை வகுத்தது. கண் இல்லாதவரைக் கண் இமைக்கச் சொல்லும் கருவியின் குற்றம், வலைத்தளத்தில் படப்புதிர் வைக்கும் வணிகரிடமும் உண்டு, அளவே வேறுபடுகிறது.

சிறு வணிகரின் மறுப்பு

இவ்வளவும் உண்மையேயாயினும், சிறு வணிகர் எழுப்பும் மறுப்பைப் புறக்கணித்தல் தகாது. ‘கடையில் இருவர் மூவர் வேலை செய்கின்றனர். தளத்தை அமைத்தவர் வேறொருவர். குறிமொழி என்பது யாதென்றே தெரியாது. எங்கள்மீது இச்சுமையை ஏற்றுவது நியாயமா?’ என அவர் கேட்பார். இவ்வினாவில் பொருள் உண்டு. 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல் சட்டமும், பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரையும் 20 லட்சம் யூரோவுக்கு மிகாத ஆண்டு வரவையும் கொண்ட சேவை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துள்ளது.

ஆனால் சுமையைப் பகுத்து நோக்கினால் மறுப்பின் வலிமை குறைகிறது. சிறு வணிகர் தாமே தளம் கட்டுவதில்லை. பெரிய நிறுவனங்கள் ஆயத்தமாக வைத்துள்ள வார்ப்புருவை வாடகைக்குப் பெறுகிறார், அல்லது நகரிலுள்ள வடிவமைப்பாளரிடம் பணி ஒப்படைக்கிறார். பொத்தானுக்குப் பெயர், கட்டத்துக்குப் பெயர், விசைப்பலகையால் இயங்கும் பட்டியல், ஓடிபி எழுதப் போதிய காலம் ஆகிய யாவும் வார்ப்புருவைச் சார்ந்தவை. ஓரிடத்தில் அதைத் திருத்தினால் ஆயிரம் கடைகள் திருந்தும். ஆகவே சட்டத்தின் கடுமை முதற்கண் வார்ப்புரு அமைக்கும் நிறுவனங்கள்மீதும் பணம் செலுத்தும் வழியை நடத்தும் நிறுவனங்கள்மீதும் பாய வேண்டும். அவை சிறியன அல்ல. அதற்கு அடுத்த பொறுப்பு கூலி பெற்றுத் தளம் அமைக்கும் வடிவமைப்பாளருடையது. வணிகரிடம் எஞ்சுவது அவருடைய சொற்கள் மட்டுமே: விலைப்பட்டியலை எழுத்தாகத் தருதல், ஒவ்வொரு பொருளின் படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுதல், தொலைபேசியோடு வேறொரு வழியும் தருதல். இம்மூன்றும் வணிகத்துக்குப் புறம்பான வேலைகள் அல்ல. ‘அரக்கு நிறப் பட்டுச் சேலை, பொன் சரிகைக் கரை, மேற்சட்டைத் துணியுடன்’ என்று கடையில் வாயால் சொல்வதையே அங்கு எழுத்தால் சொல்கிறார். தேடுபொறிகளும் பெரிதும் எழுத்தையே நம்புகின்றன ஆதலின், படமாக வைத்த விலைப்பட்டியலைவிட எழுத்தாக வைத்ததே புதிய வாடிக்கையாளர் கண்ணிலும் எளிதில் படும்.

‘தளத்தின் ஓரத்தில் ஒரு மென்பொருளைப் பொருத்திவிட்டால் எல்லாம் தானே சரியாகும்’ என விளம்பரம் செய்வோரும் உளர். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும் சிறு பொத்தானைக் காட்டி ஆண்டுக் கட்டணம் பெறுகின்றனர். களப்பணியாளர் இங்கே விழிப்புடன் இருத்தல் வேண்டும். தன் கருவி எந்தத் தளத்தையும் உலகத் தரத்துக்கு ஏற்றதாக்கும் எனக் கூறிவந்த அக்சசிபி என்னும் நிறுவனம்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025ஆம் ஆண்டில் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. அடித்தளம் கோணலாக இருக்க மேற்பூச்சால் வீடு நேராகாது.

களப்பணியாளர் செய்யத்தக்க ஐந்து சோதனைகள்

கூட்டுறவுச் சங்கம், கைத்தறிக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவற்றின் தளங்களைப் பார்வையிடும் களப்பணியாளர் பின்வரும் சோதனைகளைத் தாமே செய்யலாம். தனிப்பயிற்சி வேண்டுவதில்லை; அரை மணி நேரம் போதும்.

முதலாவது, விலைப்பட்டியலின் ஒரு வரியைத் தேர்ந்து படியெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டிப் பார்த்தல். தேர்ந்தெடுக்கவே இயலாவிடில் அது எழுத்தன்று, படம். ஒட்டியபின் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றினால் அது பழைய எழுத்துரு.

இரண்டாவது, சுட்டெலியைத் தொடாமல், தாவல் விசையையும் உள்ளிடு விசையையும் மட்டும் கொண்டு ஒரு பொருளைக் கூடையில் இடுதல். எவ்விடத்தில் நிற்கிறோம் என்பது திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளின் விலையை அறிந்து, முகவரி எழுதி, பணம் செலுத்தும் படிவரை செல்லுதல்.

நான்காவது, எழுத்தை இருமடங்கு பெரிதாக்கிப் படித்தல். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுதலோ மறைதலோ கூடாது. உலகத் தரம் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்னும் ஒளி வேறுபாட்டைக் கோருகிறது. வெண்மையின்மேல் வெளிர்சாம்பல் அதற்கு எட்டாது.

ஐந்தாவது, ஒலியை நிறுத்திவிட்டு ஒளிப்படத்தைப் பார்த்தல். தொலைபேசியில் பேசாமலே கடைக்காரரைக் கேள்வி கேட்க வழி உண்டா எனக் காணுதல்.

இவற்றுள் ஒன்றில் தவறிய தளத்தை, அரசின் நிதியுதவி பெற்றதாயின், பணி முடிந்ததாக ஏற்று இறுதித் தவணையை அளித்தல் கூடாது. கட்டடத்தில் சாய்தளம் இல்லையேல் நிறைவுச் சான்றிதழ் இல்லை என்னும் நெறி எவ்வாறு நியாயமோ, அவ்வாறே இதுவும் நியாயம். இச்சோதனைகள் தொடக்கமே, முடிவன்று. பார்வையற்றவர் ஒருவரையும், காது கேளாதவர் ஒருவரையும், உரிய ஊதியம் தந்து தளத்தைப் பயன்படுத்திப் பார்க்கச் செய்தல் வேண்டும். பார்வையுள்ளவர் கண்ணைச் சிறிது நேரம் மூடிக்கொண்டு பெறும் அனுபவம், வாழ்நாள் முழுவதும் செவியால் படித்தவரின் தேர்ச்சிக்கும் தீர்ப்புக்கும் ஈடாகாது.

ஆசிரியரின் பங்கு

பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர் வலைப்பக்கம் அமைக்கக் கற்கின்றனர். அழகுக்கும் அசைவுக்கும் மதிப்பெண் வழங்கப்படுகிறது. பிறர்க்கு எட்டுமா என்பதற்கு வழங்கப்படுவது அரிது. தொடக்கத்திலேயே இப்பழக்கம் ஊட்டப்பட்டால் பிற்காலத்தில் திருத்தும் செலவு இல்லை. தமிழாசிரியரும் இதில் பங்கு கொள்ளலாம். ஒரு பொருளின் படத்தைக் கொடுத்து, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அதை இரண்டு வரியில் விளக்குமாறு மாணவரைக் கேட்பது சிறந்த கட்டுரைப் பயிற்சி. எது இன்றியமையாதது, எது அலங்காரம் என மாணவர் அதனால் பிரித்தறிவர். படத்துக்கு விளக்கச் சொல் எழுதும் கலை முழுவதும் இவ்வளவே.

மைசூரு இம்முயற்சிக்கு மிகப் பொருத்தமான நகரம். 1965ஆம் ஆண்டில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும், 1969ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அந்நகரின் மானசகங்கோத்ரியிலேயே உள்ளன. செவியும் பேச்சும் பற்றிய அறிவு ஒருபால். இந்திய மொழிகள் பற்றிய அறிவு ஒருபால். அவற்றோடு தேவராஜ மொஹல்லாவின் வணிகர் சிலரையும், கணிப்பொறி பயிலும் மாணவரையும், மாற்றுத்திறனாளரான வாடிக்கையாளர் சிலரையும் ஒன்றுசேர்த்து, தசராக் காலத்துக்கு முன் பத்துக் கடைகளின் தளங்களைத் திருத்திக் காட்டினால், அதன் பயன் நூறு சுற்றறிக்கைகளின் பயனை விஞ்சும். பிற நகரங்களின் களப்பணியாளர் அதைப் பார்த்துப் பின்பற்றுவர். அத்தகைய முயற்சிக்குப் புதிய நிறுவனமோ பெரிய திட்டமோ வேண்டுவதில்லை. உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் ஒரு பருவத்துச் செய்முறைப் பணியே போதும்.

ஒரு தளம் நன்கு அமைந்துள்ளதா என்பதற்கு அளவுகோல் அதன் அழகன்று. பார்வையற்ற ஒருவர், எவர் துணையுமின்றி, தம் வீட்டிலிருந்தே ஒரு பொருளின் விலையை அறிந்து, தம் மறைவெண்ணைத் தாமே எழுதி, வாங்கி முடிக்க இயன்றதா என்பதே அளவுகோல். களப்பணியாளர் தாம் அடுத்து மேற்பார்வையிடும் தளத்தில் இவ்வொரு வினாவை எழுப்பி, விடை ‘இல்லை’ எனின் அதைக் கோப்பில் எழுதிவைப்பாராயின், திருத்தம் அங்கிருந்தே தொடங்கும்.